ரோட்டோர மரங்களுக்கு நிறைந்த டின்

குளுவாங் டவுனுக்கு வெளியே எங்களுக்கு எண்ணெய் எடுக்கும் செம்பனை மூன்று ஏக்கர் இருக்கிறது. பெரிய எஸ்டேட் முதலாளி மாதிரிச் சொல்கிறேனே தவிர, ஒரு முனையிலிருந்து கூப்பிட்டால் மறுமுனைக்குக் கேட்கும். முன்பக்கம் ரோடு, பின்பக்கம் சின்ன ஆறு.

அந்த வருஷம் ஆற்றோரத்து நான்கு நிரைகளும் சீக்குக்கோழி மாதிரி ஆகிவிட்டன. அடிமட்டைகளில் ஆரஞ்சுப் புள்ளிகள். குலைகள் சிறுத்துப்போயின. என் வீட்டுக்காரருக்கு முட்டிவலி வேறு. "அடுத்த வருஷமும் இப்படியே இருந்துச்சுன்னா பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கே குத்தகைக்கு விட்டுடலாம்மா. ஒண்டியா உன்னால முடியாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதினாறு வயதிலிருந்து எஸ்டேட்டில் அடுத்தவர் மரத்துக்கு உரம் போட்டவள் நான். இவை என் மரங்கள். விடமாட்டேன் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

விவசாய இலாகா அதிகாரி ஒருவர் வந்து மட்டையைத் திருப்பிப் பார்த்தார். பொட்டாஷ் சத்து பற்றவில்லை என்றார். ஆற்றோரம் மணல் மண், மழையில் சத்து கரைந்து ஓடிவிடும். நாங்களோ வருஷக்கணக்காகக் குலையை வெட்டி எடுத்துக்கொண்டே இருக்கிறோம், மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது குறைவு. பின்னால் இருப்பவற்றுக்கும் உரம் போடுகிறீர்களா என்று கேட்டார். எல்லா மரத்துக்கும் மூன்று டின், ஒரே அளவு என்று சாமி சத்தியமாகச் சொன்னேன். உரம் விலை ஏறி மூட்டைகளைக் குறைத்தபோதும் சமமாகவே பங்கு வைத்ததாக என் நினைப்பு.

அடுத்து உரம் போட்ட நாளில் என் வீட்டுக்காரரும் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். என் இடுப்பில் வாளி, கையில் பழைய பால் டின். ரோட்டோர நிரைகளில் டின் கூம்பாக நிறைந்தது. நடுத்தோட்டத்தில் மட்டமாக நின்றது. ஆற்றோரம் போனபோது அரை டின். மரத்துக்கு மூன்று வீச்சு என்ற கணக்கு மட்டும் பிசகவில்லை.

"அலமாக்! என்னா இது?" என்று அவர் சிரித்த பிறகுதான் நான் டின்னையே பார்த்தேன்.

எஸ்டேட்டில் துரையின் ஜீப் ரோட்டில்தான் போகும். வேலை வாங்கும் கங்காணி, மண்டோர் என்போம், அவரும் அங்கே நின்றுதான் எங்களை மேய்ப்பார். அட்டைக்கடியில் உள்ளே இறங்கி யார் பார்க்கப்போகிறார்கள்? வாளியின் கனம் தீரட்டும் என்று ரோட்டோரத்திலேயே அள்ளிக் கொட்டுவோம், உள்ளே மிச்சத்தைத் தூவுவோம். உரம் போட்ட பெண்கள் அத்தனை பேரும் செய்ததுதான். அந்தத் துரை போய் எத்தனையோ காலமாகிவிட்டது. என் சொந்த மண்ணிலும் என் கை அவருக்குப் பயந்துகொண்டிருந்தது.

இதைச் சொன்னதும், "இங்க ரோட்டுல நின்னு உன்ன யாரு பாக்குறா லா?" என்றார் வீட்டுக்காரர். சிரிக்கத்தான் ஆரம்பித்தேன், பாதியில் அழுகை வந்துவிட்டது. மரங்களைப் பட்டினி போட்டது நான். இத்தனை நாளும் மண்ணைத் திட்டியிருக்கிறேன். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. வாளியை என்னிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

மறுநாள் காலையில், "ஆத்தோரத்திலேருந்து ஆரம்பி" என்று சொல்லிவிட்டு, அந்த முட்டியோடு கடைசி நிரைவரை நடந்தார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "இன்னைக்கு நான்தான் மண்டோர்" என்றார்.

புள்ளியில்லாத மட்டைகளைப் பார்க்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. குத்தகைப் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவேயில்லை. முட்டி இப்போது இன்னும் மோசம். வீட்டிலேயே இருங்கள் என்றால் கேட்பதில்லை, உரம் போடும் நாளெல்லாம் அந்த வாளியின்மேல்தான் இருப்பார். எனக்கும் பழைய புத்தி முழுக்கப் போய்விடவில்லை. ரோட்டில் ஏதாவது லாரிச் சத்தம் கேட்டால் கை நின்றுவிடுகிறது, தலை தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. உடனே ஆற்றோரத்திலிருந்து குரல் வரும்:

"ரோட்டப் பாக்காத. என்னப் பாரு."