எத்திராசுவின் மூச்சு

பாண்டிச்சேரி கருவடிக்குப்பம் எத்திராசு, அங்கே பெரிய மார்க்கெட்டில் சரக்கேற்றிப் போகும் லாரியின் டிரைவர். கள்ளைக்கூடத் தொட்டதில்லை. 1958இல் ஒருநாள், எல்லையிலிருந்த கனகசெட்டிக்குளம் தாண்டி, மதுவிலக்கு இருந்த சென்னை ராஜ்யத்துக்குள் நுழைந்ததும், அவருக்குத் தலை சுற்றியது. லாரி ஒரு மாட்டுவண்டியை உரசி நின்றது.

வந்த ஏட்டு, "ஊதுய்யா" என்றார். ஊதினார்.

"பாண்டிச்சேரி சரக்கு. நல்லா வீசுது."

"நான் குடிக்கறதில்லீங்க."

அரசாங்க டாக்டரும் முகர்ந்து பார்த்து, குடித்திருப்பதாகச் சான்று எழுதிவிட்டார். மறுநாள் எத்திராசு லாக்கப்பில் மயங்கிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர் சிறுநீரைச் சோதித்துவிட்டு, பக்கத்தில் நின்ற மனைவி தனக்கொடியிடம் சொன்னார்: "இது சாராய வாடை இல்லம்மா. சர்க்கரை வியாதி முத்திப்போனா மூச்சு இப்படித்தான் வீசும்."

இன்சுலின் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் கோர்ட்டில் முதல் டாக்டரின் சான்றுதான் எடுபட்டது. லைசென்ஸ் போனது.

வீடு திரும்பும் பஸ்ஸில் தனக்கொடி மெதுவாகச் சொன்னாள்: "ஒரு மாசமாவே அந்த வாடை வந்துச்சு. நானும் நீங்க குடிக்கறீங்கன்னுதான் நெனச்சேன்."

எத்திராசுவுக்குக் கோபமோ வருத்தமோ வரவில்லை. "சரி" என்றார். ஜன்னல் வழியே, எதிரே வந்த லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.