மாப்பிள்ளை அழைப்புக்குப் போன ரேஸ் குதிரை

முப்பது வருஷம் சென்னையில் ரேஸ் குதிரைகளைப் பழக்கினேன். குதிரையைப் பற்றி ஏதாவது தெரிந்த ஒரு முதலாளியைக்கூட அத்தனை வருஷத்தில் பார்க்கவில்லை. அவர்களில் ரொம்ப மட்டமானவர் எங்கள் ஊர்க்காரர். திருவண்ணாமலையில் எண்ணெய் மில் வைத்திருந்தார்.

தொண்ணூறுகளில் அவருடைய குதிரைகள் ஆறு என் லாயத்தில் நின்றன. வந்தால் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றுவிடுவார். தன் குதிரை எது என்று ஒவ்வொரு தடவையும் குதிரைக்காரரைக் கேட்பார்.

மகன் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு, முந்தின வாரம் ரேஸில் ஜெயித்த பெட்டைக் குதிரையே வேண்டுமாம்.

"அதுக்குன்னு பழக்கின குதிரை வாடகைக்குக் கிடைக்குங்க. இது பேண்டு, வெடியெல்லாம் தாங்காது" என்றேன்.

"ரேஸ்ல அத்தனை ஜனம் கத்துறப்ப தாங்குதில்ல? உங்களால முடியலன்னா சொல்லுங்க, வேற டிரெயினர்கிட்ட விட்டுக்கறேன்."

ஆறு குதிரையும் போய்விடுமே என்று தலையாட்டினேன்.

லாரியில் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்தோம். ஜரிகைத் துணி போர்த்தி, கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றி, சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாத அந்தப் பையனை மேலே ஏற்றினார்கள். குதிரை உடம்பெல்லாம் நடுங்கியது. பத்து வீடு தாண்டியிருக்காது, காலடியில் எவனோ சரவெடியைக் கொளுத்திப் போட்டான். முன்னங்கால்களைத் தூக்கியது. மாப்பிள்ளை பேண்டுக்காரர்கள் மேல் விழுந்தான், கீறல்கூட இல்லை. பிடித்திருந்த குதிரைக்காரரை இழுத்துத் தள்ளிவிட்டு அது ஓடியது. தார் ரோட்டில் லாடம் வழுக்கியது. தெருமுனையில் விழுந்தபோது முன்னங்கால் முறிந்து எலும்பு வெளியே வந்துவிட்டது.

கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்தக் கால் இனி சேராது, ஊசி போட்டு உயிரை எடுத்துவிடுவதுதான் வழி என்றார். குதிரைக்காரர் ரோட்டில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்து, உள்ளங்கையால் அதன் கண்ணைப் பொத்திக்கொண்டார். அதை இரண்டு வயதிலிருந்து தேய்த்துக் குளிப்பாட்டியவர் அவர்.

மில்காரர் வேகமாக வந்தார். குதிரையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"வீடியோக்காரன் இதையும் எடுத்துட்டானா? எடுத்திருந்தா அழிக்கச் சொல்லுங்க. கார்ல மாப்பிள்ளைய ஏத்துங்க, நேரமாவுது."

காலி லாரியில் திரும்பும்போது செங்கல்பட்டு தாண்டினதும் குதிரைக்காரர் சொன்னார்: "அவருக்குக் குதிரைன்னா இன்னான்னே தெரியாது சார். உங்களுக்குத் தெரியுமில்ல?"

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. ஆள் அனுப்பினேன், வரமாட்டேன் என்றுவிட்டார். மில்காரர் அடுத்த மாதமே புதுக் குதிரை வாங்கினார். அதையும் நான்தான் பழக்கினேன். இன்னும் ஏழு வருஷம் அவருக்கு வேலை செய்தேன்.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊருக்கே, செங்கம் ரோட்டுப் பக்கம் வீடு பார்த்து வந்துவிட்டேன். ஒரு பௌர்ணமியில் கிரிவலம் வந்த மில்காரர் டீக்கடையில் என்னைப் பார்த்துவிட்டார்.

"அது ராசியில்லாத குதிரைங்க. நல்ல காரியத்துல போய் விழுந்துச்சு பாருங்க" என்றார்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் உட்கார பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன்.