அக்கரை வரவு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கே அது தெரியும். நான் வரவு இடாப்பை மேசையில் போடுகிற சத்தத்தை வைத்தே, இன்றைக்கு டீச்சர் எப்படி என்று கணித்துவிடுவார்கள். ஆனால் இந்த இடாப்பு விசயத்தில் யார் மேல் கோபப்படுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

றக்வானைக்கு மேலே, பஸ் திணறித் திணறி ஏறுகிற பாதையின் முடிவில் எங்கள் பள்ளிக்கூடம். தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசன் பிள்ளைகள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஓடியே வந்துவிடுவார்கள். மேல் டிவிசன் பிள்ளைகள் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு என்று சொல்வதே அதிகம். வெயில் நாளில் கணுக்கால்தான் நனையும். மலையில் மழை பிடித்தால் மட்டும் பாறையெல்லாம் மூழ்கிவிடும். இக்கரையிலிருந்து கத்தினால்தான் அக்கரைக்குக் கேட்கும்.

அந்த மாதிரி நாட்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. நான் அங்கே போவதற்கு முன்பே பள்ளிக்கூடத்து அதிபர் ஏற்படுத்தியது. பிள்ளைகள் சீருடையோடு அக்கரைக்கு வந்து நிற்பார்கள். வகுப்பாசிரியை இக்கரையில் குடை பிடித்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். "வந்துட்டேன் டீச்சர்!" என்று கத்திவிட்டு அவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். இடாப்பில் வரவு விழுந்துவிடும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் தப்பு எதுவும் தெரியாது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்துக்கு ஒருத்தி வந்து நின்றுவிட்டால், மழையில் வேலை நின்றுபோனாலும், அவளுக்கு அரைப் பேராவது போடுவார்கள். ஒரு நாள் வேலையை எங்கள் பக்கம் பேர் என்றுதான் சொல்வோம். வந்து நின்றாளா இல்லையா, அதுதானே கணக்கு? நானும் லயத்துப் பிள்ளைதான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அதிபருக்கு ஒரு பயமும் இருந்தது. வரவு வாராவாரம் கணினியில் ஏற வேண்டும். குறைந்துபோன பள்ளிக்கூடத்து அதிபரை வலயக் கல்விக் காரியாலயக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்பார்கள். பிள்ளை வராத பள்ளிக்கூடம் எதற்கு, மூடிவிடலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். "மூடிட்டா இந்தப் பிள்ளைங்க எங்க போகும் டீச்சர்?" என்று அவர் அடிக்கடி கேட்பார்.

போன மழைக்கு, என் வகுப்புச் சிறுமி ஒருத்தி அக்கரைப் பாறையில் நின்று தன் பெயருக்குக் காத்திருக்கையில் கால் வழுக்கி விழுந்தாள். அவள் அம்மா கொழுந்து எடுக்கிறவள். அன்றைக்கு மகளோடு வந்திருந்தாள். பாய்ந்து சடையைப் பிடித்து இழுத்துவிட்டாள். புத்தகப் பையை ஆறு கொண்டுபோய்விட்டது. நான் இக்கரையில் குடையும் இடாப்புமாக நின்று அலறியதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் அந்த அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"பை போனா போகட்டும். ஒரு பாலம் கேட்டு வாங்கிக் குடுங்க டீச்சர். இவ போயிருந்தா நான் யார்கிட்டப் போயி கேக்கிறது?"

அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேட்டோம். ஓர் அதிகாரி வந்தார், நல்ல வெயில் நாளாகப் பார்த்து. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பாறை பாறையாகத் தாண்டி அக்கரைக்குப் போய்த் திரும்பினார். பிறகு அதிபரின் அறையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். மழை மாதங்களிலும் மேல் டிவிசன் பிள்ளைகளின் வரவு முழுசாக இருந்தது. "ஹொந்த இஸ்கோலயக்" என்றார். நல்ல பள்ளிக்கூடமாம். அடைமழையிலும் ஒரு பிள்ளை தவறவில்லையே, அப்புறம் பாலம் எதற்கு என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிங்களத்திலேயே பொரிந்து தள்ளிவிட்டேன். குடை, அக்கரை, வழுக்கின பாறை, சடை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மெதுவாக, அப்படியானால் இந்த வரவெல்லாம் பொய்யா டீச்சர் என்றார். அதிபர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. கேட்டதை எங்கும் எழுத மாட்டேன் என்றார். வருகிற மழைக்காலம் முழுக்க உள்ளதை உள்ளபடி போடுங்கள், அதைக் காட்டி நான் பேசுகிறேன், வெறும் வாயால் பாலம் வராது என்றார். அவர் போன பிறகு அதிபர் இடாப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கூட்டத்துல எழுப்பி நிக்க வச்சா நிக்கிறேன். உள்ளபடியே போடுங்க டீச்சர்."

அந்த அம்மாவிடம் சொல்ல நானே லயத்துக்குப் போனேன். இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை வாசலில் உதறிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"வந்து நிக்கிற பிள்ளைக்கு வரல்லைன்னு போடுவீங்களா? எங்க கங்காணிகூட அப்படிச் செய்ய மாட்டாரு!"

"போட்டாத்தாம்மா பாலம் கேக்க முடியும்."

"ஒருநாள் லீவு போட்டவ இல்ல டீச்சர் இவ. வருசா வருசம் வரவுப் பரிசு இவளுக்குத்தான்."

உள்ளே சுவரில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், அந்தச் சான்றிதழ்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. அவளும் அவற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, போடுங்க. பரிசு கெடக்கு. எனக்குப் பிள்ளை இருந்தாப் போதும்."

மழை பிடித்தால் இனி யாரும் ஆற்றுப் பக்கமே வரக் கூடாது என்று மேல் டிவிசன் முழுக்கச் சொல்லிவிட்டோம். இந்த வருசத்து முதல் பெருமழையன்று, யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்று தெரிந்தும், மனசு கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு போனேன். அக்கரையில், பாறையை விட்டு நன்றாகத் தள்ளி, மேட்டில் அந்த அம்மா நின்றாள். மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். சிறுமி சீருடையில் இருந்தாள். நான் பெயர் கூப்பிடவில்லை. அவளாகவே கத்தினாள்.

"டீச்சர்! நான் வந்துட்டேன்! தெரியுதா டீச்சர்?"

"தெரியுதும்மா! வந்துட்டே!" என்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன். கத்திவிட்டு, குடைக்குள் இடாப்பை விரித்து, அவள் பெயருக்கு நேரே வரவில்லை என்று குறித்தேன்.