டாக்டர் எழுதிய பக்கம்

இலங்கையில் போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திண்டுக்கல்லுக்கு வெளியே உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் பிள்ளைகளுக்காகச் சின்ன நூலகம் ஒன்று திறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். ஊர்ப் பிரமுகர்களிடம் அமைதியைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் கைப்பட எழுதி வாங்கி, தைத்து, அங்கே வைக்க ஆசைப்பட்டேன். வக்கீல், பங்குத்தந்தை, பூட்டு வியாபாரிகள் சங்கத் தலைவர் என எல்லோரும் தந்தார்கள். முக்கால்வாசிப் பக்கங்களில் வெள்ளைப் புறா பறந்தது.

கடைசியாக டாக்டரிடம் போனேன். ஊரே மதிக்கும் அறுவைச் சிகிச்சைக்காரர். இளவயதில் இந்திய அமைதிப்படையோடு ராணுவ மருத்துவராக இலங்கைக்குப் போய் இருந்தவர். "செத்த நேரம் இருங்க" என்று உள்ளே போனவர், வெகுநேரம் கழித்து ஒரு தாளோடு வந்தார்.

வயிற்றில் குண்டடிபட்ட ஒரு பெண் அவரிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அந்தக் காயத்துக்குத் தண்ணீர் கூடாது என்று இவர் கொடுக்கவில்லை. விடிவதற்குள் அவள் இறந்துபோனாள். அமைதி என்று எழுத உட்கார்ந்தால் அவள் உதடுதான் தெரிகிறது என்று முடித்திருந்தார்.

"சார், பிள்ளைங்க படிக்கிறது. கொஞ்சம் நம்பிக்கையா இருந்தா நல்லாருக்கும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தாளை வாங்கிக் கிழித்துப் போட்டார். வேறொரு தாளில் நின்றபடியே, 'அமைதியே மனிதகுலத்தின் செல்வம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நான் நன்றி வேறு சொன்னேன்.

திறப்பு விழாவில், முகாமில் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண் தொகுப்பை முழுவதும் புரட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"எல்லாரும் வடிவா எழுதியிருக்கினம், சேர். அங்க சண்டைக்குள்ள இருந்து கண்ட ஆக்கள் ஒருத்தரும் எழுதேல்லையோ?"

டாக்டர் எனக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"இல்லம்மா" என்றேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

டாக்டரின் காரில்தான் ஊர் திரும்பினோம். வழியெல்லாம் மழை இல்லாததைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுவாரம் வெறுந்தாளோடு அவர் வீட்டுக்குப் போனேன். "சார், மொதல்ல எழுதினதையே எழுதிக் கொடுங்க. அதையே வச்சிடுறேன்."

அவர் தாளைத் தொடவில்லை.

"விடுங்க சார். அன்னிக்கு எப்படியோ எழுத வந்துச்சு. இனிமே வராது" என்றார். பிறகு காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார்.