நான்கு மூலை மஞ்சள்

பிரபுவின் கடிதங்கள் பதினான்கு அட்டைப்பெட்டிகளில் வந்திருந்தன. பிரபு என்பது பெயரல்ல, பட்டம்; ஸ்கொட்லாந்துக்காரர், கோட்டை, காணி எல்லாம் உள்ள பரம்பரை. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், வாலிபத்தில் யாழ்ப்பாணப் பக்கம் சில வருடங்கள் இருந்து, பழைய நாணயம், கல்வெட்டு, உடைந்த சிலை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கப்பலேற்றியவர். அவருடைய வம்சத்தில் யாரோ கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவில் நான் வேலை செய்த ஆவணக் காப்பகத்துக்குப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்து, யார் யாருக்கு எதைப்பற்றி எழுதியது என்று பட்டியலில் பதிவது என் வேலை. ஒப்பந்த வேலை, வைகாசியோடு முடியும்.

பிரபு நன்றாகத்தான் எழுதுவார், அதை மறுக்கமாட்டேன். ஆனால் நூறு கடிதம் வாசிப்பதற்குள் எனக்கு அவர்மேல் எரிச்சல் பிடித்துவிட்டது. தொலைந்துபோன ஒரு செப்புக்காசுக்காக மூன்று பக்கம் அழுவார். வெயிலில் நின்று கல்வெட்டுகளைப் படியெடுத்து, அவற்றுக்குப் பொருளும் சொல்லிக்கொடுத்த தமிழர் மட்டும் எல்லாக் கடிதத்திலும் 'என் ஆள்'. பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

ஒன்பதாவது பெட்டியில் அந்தத் தாள் இருந்தது. ஒரு பக்கத்தில் பிரபு மையினால் கீறிய கோயில் தூண். எனக்கு முன் யாரோ எழுதிவைத்த குறிப்பு இப்படிச் சொன்னது: 'தூணின் படம். பின்பக்கத்தில் உள்ளூர் எழுத்து. நான்கு மூலையிலும் கறை.'

திருப்பிப் பார்த்தேன். உள்ளூர் எழுத்து என்பது தமிழ். அந்த 'என் ஆள்' தன் மகளின் கலியாணத்துக்கு எழுதிய அழைப்பு. துரையவர்கள் அவசியம் வந்து மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டும் என்று, குழையாமல், மரியாதையாகக் கேட்டிருந்தார். கீழே முழுப்பெயரும் ஊரும், 'தங்களுக்குக் கல்வெட்டுப் படியெடுப்பவன்' என்ற குறிப்பும். கறை என்பது மஞ்சள். நல்ல காரியத்துக்கு எழுதும் கடிதத்தின் மூலைகளில் நாங்கள் பூசுவோமே, அதே மஞ்சள். இருட்டுப் பெட்டிக்குள் கிடந்ததால் நிறம் முழுதாகப் போகவில்லை.

பிரபு கலியாணத்துக்குப் போனாரோ தெரியாது. படம் கீற வெற்றுப் பக்கம் தேவைப்பட்டபோது இதை எடுத்திருக்கிறார். எனக்குக் காது சுட்டது.

அடுத்த கிழமை ஒரு படிவம் வந்தது. தூணின் படத்தைக் கண்காட்சியில் வைக்கப்போகிறார்கள்; அதற்கு முன் கறையை அகற்றிவிடுவார்கள். 'அகற்றப்படுவதில் தகவல் எதுவும் இல்லை' என்று பட்டியல் போட்டவர் கையெழுத்து வைத்தால்தான் தாளில் கை வைக்கலாம் என்பது எங்கள் காப்பகத்து வழக்கம். நான் வைக்கவில்லை.

அன்று பின்னேரம் அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க அழைப்பிதழ்கள். மகளுக்கு ஆவணியில் கலியாணம். கணவர் விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? கொன்ராக்ட் முடியிற நேரத்தில மனேஜரோட கொழுவப் போறீர். ஒரு கையெழுத்துத்தானே."

"பொய்க்குக் கையெழுத்து வைக்கேலாது."

"அது எந்தக் காலத்து மஞ்சள். அந்த மனுசன் எழும்பி வந்து கேக்கப்போறாரே?"

"அவர் வரமாட்டார் எண்டுதான் நான் கேக்கிறன்."

அவர் விலாசம் ஒட்டுவதை நிறுத்தினார். கையிலிருந்த அழைப்பிதழின் மூலையைப் பார்த்தார். காலையில் நான் தொட்டுவைத்த மஞ்சள் அதில் இருந்தது.

மறுநாள் மனேஜர் என்னைக் கூப்பிட்டார். பொறுமையான பெண்மணி, அந்தப் பொறுமைதான் எனக்குப் பொறுக்காது. பூஞ்சையாக இருக்கலாம், மற்றத் தாள்களுக்கும் பரவும் என்றார். நான்கு மூலையிலும் அளந்து வைத்தமாதிரி வளரும் பூஞ்சையை நான் கண்டதில்லை என்றேன். மஞ்சள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். தாளின் மூலையிலிருந்து உதிர்ந்த நார் ஒன்று அதை வைத்திருந்த உறைக்குள் கிடந்தது. அதில் ஒரு சொட்டு சவர்க்காரத் தண்ணீர் விடச் சொன்னேன். மஞ்சள் சவர்க்காரம் பட்டால் சிவக்கும்; கறிபட்ட உடுப்பைத் தோய்த்த எவருக்கும் தெரிந்த சங்கதி. நார் சிவந்தது. மனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சரி, அகற்ற வேண்டாம். ஆனால் காட்சிக்குப் படம் உள்ள பக்கம்தான்."

"சுவரில் எதையும் மாட்டுங்கள். பட்டியலில் முன்பக்கம் எது என்று நான்தான் எழுதுவேன்."

அப்படியே எழுதினேன்: 'கலியாண அழைப்பு.' எழுதியவர் என்ற இடத்தில் அந்த மனிதரின் முழுப்பெயர், ஊரோடு. 'நான்கு மூலையிலும் மஞ்சள், வேண்டுமென்றே பூசியது. பின்பக்கத்தில் பிரபுவின் கிறுக்கல்.' கிறுக்கல் என்பதைப் படம் என்று மாற்றச் சொன்னார்கள். மனமில்லாமல் மாற்றினேன்.

வைகாசியில் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. நிதி இல்லை என்றார்கள். நான் நம்பவில்லை. திரும்பவும் அந்தப் படிவத்தை என் முன்னால் நீட்டினாலும் கையெழுத்து வைக்கமாட்டேன்.

கடைசி நாள், மனேஜரின் மேசையில் மகளின் அழைப்பிதழை வைத்தேன். அவர் மூலையை விரலால் தொட்டுப் பார்த்து, இது அதுதானே என்றார்.

"அதேதான். கட்டாயம் வாருங்கள். வர முடியாவிட்டால் பரவாயில்லை, பின்பக்கத்தில் மட்டும் ஒன்றும் கீறிவிடாதீர்கள்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்குச் சொல்லவில்லை.