இரண்டு காதையும் மூடுகிற ஹெட்போன்

ஒன்பது மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தாலிக் கயிற்றை என் கையாலேயே தலைவழியாக ஏன் கழற்றினேன்? பல் முளைக்கும் நேரம், தாலியைக் கடித்துக்கொண்டே இருந்தான். ஈறு கிழிந்துவிடுமோ என்று பயந்து, கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். எழுமலைப் பக்கம் மாமனார் வீட்டுக் காடு அது. கடலை எடுத்து முடித்திருந்தார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு காடு முழுக்க வேடிக்கை காட்டி நடந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முடிச்சு அவிழ்ந்து கிடந்தது, தாலியைக் காணோம்.

கணவரிடம் மட்டும் சொன்னேன். இருவரும் தேடினோம். கிளறிப்போட்ட மண்ணில் கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை. வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் புதுக் கயிற்றில் மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டி ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டேன். ஆடிப் பதினெட்டு அன்று அத்தைதான் தன் கையால் எனக்குத் தாலிக் கயிறு மாற்றிக் கட்டுவார். அதற்குள் கிடைத்தாக வேண்டும்.

கணவர் நண்பரிடம் மெட்டல் டிடெக்டர் இரவல் வாங்கி வந்தார். அது கத்தினால் பக்கத்துக் காட்டு ஆட்களெல்லாம் கூடிவிடுவார்கள். ஹெட்போன் வாங்க டவுனுக்குப் போனோம்.

"பாட்டு கேக்கவாக்கா, போன் பேசவா?" என்றார் கடைக்காரர்.

"காட்டு வேலைக்குண்ணே" என்றார் கணவர்.

"ஏண்ணே, மாடு பாட்டு கேக்குதா?"

அவர் காட்டிய புளூடூத் ஹெட்போன் சரிவராது. சத்தம் காதுக்கு வருவதற்குள் டிடெக்டரின் தட்டு அந்த இடத்தைத் தாண்டிவிடும். வயர் உள்ள, காதை முழுதாக மூடுகிற ஒன்றையே எடுத்தோம்.

அந்த ஞாயிறே காட்டுக்குப் போனோம். நடந்த வழி எனக்குத்தான் தெரியும் என்பதால் நானே மாட்டிக்கொண்டேன். குழந்தை அத்தையிடம். ஆணி, சோடா மூடி, மாத்திரை அட்டை எல்லாம் கேட்டது. சின்னத் தங்கமும் மாத்திரை அட்டை போலவே மெல்லிசாகத்தான் ஒலிக்குமாம். ஒவ்வொன்றையும் தோண்ட வேண்டியிருந்தது. மற்றபடி என் மூச்சு மட்டுந்தான் கேட்டது. நிமிர்ந்தால், முகம் சிவந்த குழந்தையோடு அத்தை எதிரே நின்று வாயசைத்துக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றினேன்.

"ஏத்தா, புள்ள தொண்ட கிழியக் கத்துறான், காதுல என்னத்த மாட்டிக்கிட்டு நிக்கிற?"

"புதைச்ச பைப்பத் தேடுறோம்மா" என்றார் கணவர்.

"அது பிளாஸ்டிக் பைப்புல்லடா?"

"வால்வு இரும்பும்மா."

"ஒத்த வால்வுக்கா இம்புட்டுக் குழி!"

அடுத்த ஞாயிறு ஒரு காதைத் திறந்துவைத்தேன். குழந்தையின் சிணுங்கல்கூடக் கேட்டது. ஆனால் காற்றும் பக்கத்துக் காட்டு மோட்டாரும் மெல்லிய சத்தத்தை விழுங்கிவிட்டன. ஒலியைக் கூட்டினால் ஆணி காதைக் குத்துகிறது. தாலியின் மேலேயே தட்டை ஓட்டிவிட்டு நகர்ந்தேனோ, தெரியாது.

"ரெண்டையும் மூடிக்க, அம்மா பாத்துக்கும்" என்கிறார் கணவர். மூடினால், அழாத குழந்தையும் அழுவதுபோல் இருக்கிறது. பாதிக் காடு மிச்சம். ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு ஞாயிறுதான் இருக்கிறது.

டிடெக்டர் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: மெல்லிய சத்தமும் தப்பாமல், குழந்தையின் குரலும் கேட்கிற ஹெட்போன் ஏதாவது உண்டா? இல்லையென்றால், அத்தையிடம் இப்போதே சொல்லிவிடட்டுமா? மாமியாரிடம் இப்படி ஒன்றைச் சொல்ல நேர்ந்தவர்கள், எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்.