நோர்பரிப் பிள்ளை தொலைந்த கதை

லண்டனுக்குப் படிக்கப் போனவர்கள் ஊருக்குத் திரும்பியதும் நூலகம், பாலம், மியூசியம் என்று பேசுவார்கள். நான் அங்கே படித்தது தொலைந்துபோவதற்கு. நம்ப மாட்டீர்கள், அதற்கு மார்க் உண்டு. அதிலும் மயிரிழையில்தான் தப்பினேன்.

திருச்சியில் ஆர்கிடெக்சர் மூன்றாம் வருடம் முடித்திருந்த கோடை அது. லண்டனில் ஆறு வாரப் படிப்பு ஒன்றுக்கு இடம் கிடைத்தது. ஒரு நகரத்தை நடந்து பார்த்து எழுதுவதுதான் பாடம். அதில் பாஸ் செய்தால் எங்கள் கல்லூரியில் ஒரு பேப்பர் குறையும். தவறினால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே பேப்பரை எழுத வேண்டும். அந்த ஜூனியர்களை நான் ராகிங் செய்யாத குறையாக அதட்டி வைத்திருந்தேன் என்பதால், எனக்கு பாஸ் மிகவும் தேவைப்பட்டது.

எங்கள் பேராசிரியை நரைத்த தலையும் சிவப்பு ஷூவுமாக வருவார். எங்களுக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் ஆற அமரச் சொல்வார். பாதி மார்க்குக்கான கடைசி வேலையையும் அப்படித்தான் சொன்னார். தொலைந்துபோங்கள். போன் கூடாது, மேப் கூடாது, துணை கூடாது. எங்கே நிற்கிறோம் என்று உண்மையிலேயே தெரியாமல் போகிற கணத்தில் உடம்புக்கு என்ன ஆகிறது என்று கவனித்து எழுதுங்கள். மற்ற மாணவர்கள் இது ஒரு வேலையா என்று சிரித்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் குதியாட்டம். பள்ளிக்கு வேன், கல்லூரிக்கு பஸ், பஸ் ஸ்டாப் வரைக்கும் அப்பாவின் ஸ்கூட்டர் என்று வளர்ந்தவள் நான். தனியாக ஒரு தெருமுனையைத் திரும்பியதில்லை. ஒரே ஒரு தடவையாவது யாருக்கும் தெரியாத இடத்தில் யாருக்கும் தெரியாமல் நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. இப்போது அதையே சர்வகலாசாலை உத்தரவு போட்டுச் செய்யச் சொல்கிறது.

நான் கணக்கில் சேர்க்க மறந்தது ஆன்ட்டியை.

தெற்கு லண்டனில் நோர்பரி என்ற பகுதியில், ஒரு யாழ்ப்பாணத் தம்பதியின் மாடி அறையில்தான் தங்கியிருந்தேன். பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டதால் அறை காலியாக இருந்தது. ஒரு சீனியர் மூலம் எனக்குக் கிடைத்தது. போய் இறங்கிய சாயங்காலமே ஆன்ட்டி இடியப்பத் தட்டை என் முன்னால் வைத்து, நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து ஒரு போட்டோ எடுத்தார். அதைக் கோயில் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். எங்கட வீட்டுக்கு வந்திருக்கிற இந்தியப் பிள்ளை, கண்டால் பாத்துக்கொள்ளுங்கோ என்று கீழே எழுதியிருந்தார். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அது லண்டன் முழுக்க ஒட்டப்பட்ட காணவில்லை நோட்டீஸ் என்று பிறகுதான் புரிந்தது. காணாமல் போவதற்கு முன்பே ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

முதல் முயற்சிக்கு ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். போனை அணைத்துப் பையின் அடியில் போட்டுவிட்டு, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். தோன்றிய இடத்தில் இறங்கி அடுத்த பஸ். அதிலிருந்து இன்னொன்று. பலகைகளைப் படிக்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் பார்க்காமல் முன் சீட்டில் இருந்தவரின் வழுக்கையையே பார்த்துக்கொண்டு போனேன். கடைசியில் இறங்கிய இடத்தில் விமானங்கள் தலையை உரசுகிற மாதிரி பறந்தன. எந்தத் தெரு, எந்த ஊர், ஒன்றும் தெரியவில்லை. ஆகா, வந்துவிட்டது அந்தக் கணம் என்று நோட்டை எடுத்தேன். நாடித்துடிப்பு பார்க்கக் கையைப் பிடித்திருப்பேன், பக்கத்தில் ஒரு குரல்.

"நீங்கள் நோர்பரிப் பிள்ளை எல்லோ?"

ஏர்போர்ட் சீருடையில் ஒரு அக்கா நின்றிருந்தார். ஷிப்ட் முடிந்து போகிறாராம். நான் நிற்கிற இடம் ஹவுன்ஸ்லோ என்று கேட்காமலேயே சொல்லிவிட்டார். அதோடு என் ஆராய்ச்சி செத்தது. வீட்டுக்குக் கூட்டிப் போய் ரோல்ஸும் டீயும் கொடுத்து, காரில் ஏற்றி, நோர்பரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் போனார். வாய் திறந்திருந்த போட்டோவைப் பார்த்து எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று கேட்டேன். இப்போதும் திறந்துதான் இருந்தது என்றார்.

லண்டனில் வேலைக்கு ஆகாது என்று தெரிந்துபோனது. அடுத்த வாரம் வகுப்போடு பாரிஸ் பயணம் இருந்தது, ஒரு மத்தியானம் முழுக்க எங்கள் இஷ்டத்துக்கு. அங்கே யார் என்னைக் கண்டுபிடிப்பார்கள்? ரயிலை விட்டு இறங்கினால், நோர்பரிப் பிள்ளை என்று கொட்டை எழுத்தில் எழுதிய அட்டையோடு ஆன்ட்டியின் மச்சாள் நிற்கிறார். என்னோடு வந்த எட்டுப் பேரையும், வேண்டாம் வேண்டாம் என்ற பேராசிரியையையும் சேர்த்தே வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போனார். பேராசிரியை மட்டன் ரோல்ஸ் மூன்று சாப்பிட்டார். அந்த மத்தியானம் நான் பார்த்த ஈபிள் கோபுரம் சாப்பாட்டு மேசை விரிப்பில் அச்சடித்திருந்தது. அதன் உச்சியில் குழம்புக் கறை.

கட்டுரையைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. வேறு வழியில்லாமல் ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் ஆன்ட்டியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் விடாததால் என்னால் தொலையவே முடியவில்லை, ஃபெயிலாகப் போகிறேன் என்று மூக்கைச் சிந்தினேன். ஆன்ட்டி பதறிவிட்டார். பிள்ளையின் படிப்புக்குத் தான் இடைஞ்சலா? தன் மூன்று பிள்ளைகளுக்கும் ஹோம்வொர்க்குக்குக் கூடவே உட்கார்ந்தவராம். இதற்கும் உட்காருவதாகச் சொன்னார்.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும் பிள்ளை. அங்கிள் கொண்டுபோய்த் தொலைச்சுப்போட்டு வருவார்."

துணை கூடாது என்ற விதியைச் சொன்னேன். கொண்டுபோய் விடுகிறவர் துணை ஆக மாட்டார், பஸ்காரன் மாதிரி என்று ஆன்ட்டி தீர்ப்புச் சொன்னார். அங்கிள் சோற்றைப் பிசைந்தபடி தலையாட்டினார். பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை. அதிகம் பேசமாட்டார். ஆனால் லண்டன் ரோடெல்லாம் தனக்கு மனப்பாடம் என்பதை மட்டும் வாரம் ஒருமுறை சொல்வார். காரில் வழி காட்டும் கருவியைத் தொட்டதே இல்லை. அது சோம்பேறிகளுக்கு.

ஞாயிறு காலை என் துப்பட்டாவாலேயே ஆன்ட்டி என் கண்ணைக் கட்டினார். என் போனை வாங்கி வைத்தார். நேர்மை என்றால் நேர்மை என்று அங்கிளின் போனையும் பிடுங்கி வைத்தார், இல்லாவிட்டால் இரக்கப்பட்டு எனக்கு இடத்தைச் சொல்லிவிடுவாராம். என் மடியில் ஒரு டப்பாவில் இடியப்பம், இன்னொன்றில் சம்பல், குடை, ஸ்வெட்டர், தண்ணீர் எல்லாம் ஏறின. தொலையப் போறதெண்டாலும் வெறும் வயித்தோட தொலையக் கூடாது என்றார். கார் கிளம்பியது.

அங்கிள் வேலையைச் சிரத்தையாகச் செய்தார். எனக்குத் திசை பிடிபடக்கூடாது என்று திரும்பினார், மீண்டும் திரும்பினார், ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிரைண்டரில் போட்ட மாவு மாதிரி ஆகிவிட்டேன். எத்தனை நேரம் போனதோ, கார் நின்றது. ஜன்னலை யாரோ தட்டினார்கள். அங்கிள்தான் இறங்கித் தட்டுகிறார் என்று கட்டை அவிழ்த்தால், வெளியே ஒரு போலீஸ்காரப் பெண்.

சிக்னலில் பார்த்த யாரோ போன் செய்திருக்கிறார்கள். கண்ணைக் கட்டிய பெண், காரோட்டுவது மீசைக்காரர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கிள் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு, இது இவளுடைய ஹோம்வொர்க் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அது நிலைமையை மோசமாக்கியது. நான் பையிலிருந்து பேராசிரியை கொடுத்த தாளை எடுத்து நீட்டினேன். அந்தப் பெண் முழுதாகப் படித்தார். படித்துவிட்டு, இப்போது எங்கே இருக்கிறாய் என்று தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்று நான் பல்லெல்லாம் தெரியச் சொன்னேன். அங்கிளைக் கேட்டார். நல்லாவே தெரியும் என்றார் அங்கிள். இனிக் கண்ணைக் கட்ட வேண்டாம் என்று எச்சரித்துவிட்டு அந்தப் பெண் போனார்.

இனி என்னை இறக்கிவிடப் போகிறார் என்று காத்திருந்தேன். கார் ஓடியது. நீலக் கதவு வைத்த ஒரு முடி திருத்தும் கடை போனது. கொஞ்ச நேரத்தில் அதே நீலக் கதவு மறுபடி வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது கடைக்காரர் எங்களுக்குக் கையசைத்தார். அங்கிளின் கழுத்தில் வியர்வை. ஒரு ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"பிள்ளை, இது எந்த இடமெண்டு எனக்குத் தெரியேல்ல."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டுமே. தொலைந்துவிட்டோம்! போன் இல்லை, மேப் இல்லை. நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கடித்து, அங்கிளின் முகத்தைப் பார்த்தேன். மூடி வாயிலேயே நின்றது. அவர் கை ஸ்டீயரிங்கை விடவே இல்லை. விரல்கள் எல்லாம் வெளுத்துப்போயிருந்தன.

"லண்டனுக்கு வந்த நாளும் இப்பிடித்தான். ஸ்டேஷனால வெளிய வந்தன், எந்தப் பக்கம் போறதெண்டு தெரியேல்ல. விடியுமட்டும் நடந்தனான். காணேல்லையெண்டு தேட இஞ்ச ஒருத்தரும் இருக்கேல்லத்தானே." பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அதுக்குப் பிறகு தெரிஞ்ச ரோட்டால போய், தெரிஞ்ச ரோட்டாலதான் வாறனான்" என்றார்.

எத்தனையோ பஸ் மாறி, பாரிஸ் வரைக்கும் போய் நான் தேடிக்கொண்டிருந்த சாமான் அவருக்கு வேண்டாம் வேண்டாம் என்றபோது கிடைத்திருக்கிறது. நோட்டை மூடிவிட்டு டப்பாவைத் திறந்தேன். இருவரும் காரில் உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டோம். சம்பலில் உறைப்பு அதிகம் என்று அங்கிள் ஆன்ட்டியைக் குறை சொல்ல ஆரம்பித்தபோது அவர் விரல்களுக்கு ரத்தம் திரும்பியிருந்தது.

அப்போது அதே போலீஸ் கார் எதிரே வந்தது. போலீஸ்காரப் பெண் எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். அங்கிள் சம்பல் கையோடு ஜன்னலை இறக்கினார். எனக்குத் தெரிந்து லண்டனில் அவர் யாரிடமும் வழி கேட்டது அதுதான் முதல் தடவை. நோர்பரி எந்தப் பக்கம் என்று கேட்டார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, இதுதான் நோர்பரி என்றார். அடுத்த தெருவைத் தாண்டி இறங்கினால் ஸ்டேஷன்.

அங்கிளின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நின்றுகொண்டிருந்தோம். அவர் வீட்டு முனையில் எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புவாராம். வேலை, கடை, கோயில், கல்யாண மண்டபம் எல்லாம் இடப்பக்கம். இத்தனை வருடத்தில் வலப்பக்கம் திரும்ப ஒரு தேவையும் வரவில்லை. ஆன்ட்டியிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை. முடி திருத்தும் கடைக்காரரின் மனைவி சொல்லிவிட்டார், அவரும் அந்த குரூப்பில் இருக்கிறார்.

நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். பேராசிரியை ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார். துணை இல்லாமல் என்பது விதி, அதை நீ மீறிவிட்டாய். இதில் தொலைந்திருப்பவரும் நீ அல்ல, உன் அங்கிள். அவருக்கு மார்க் போட எனக்கு அதிகாரம் இல்லாததால் உனக்குப் போடுகிறேன். பாஸ் மார்க், அதற்கு மேல் ஒரு மார்க்கும் இல்லை. நான் ஆடாத ஆட்டமில்லை. ஆனால் தொலைந்துபார்க்க வேண்டும் என்ற அந்த ஆசை மட்டும் அப்படியே கிடந்தது.

ஊருக்குக் கிளம்பிய அன்று அங்கிள் முனையில் வலப்பக்கம் திரும்பினார். ஆன்ட்டி பின் சீட்டிலிருந்து இது என்ன புது வழி என்று கேட்டதற்கு, இதாலயும் போக ஏலும் என்றார். போக முடிந்தது, கொஞ்சம் சுற்றுவழிதான். ஏர்போர்ட்டில் ஆன்ட்டி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு குரூப்பில் போட்டதைக் காட்டினார். எங்கட பிள்ளை இண்டைக்கு ஊருக்குப் போறா, இனி ஒருத்தரும் தேட வேண்டாம். கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சோதனை எல்லாம் முடிந்து உள்ளே போய் நின்றபோதுதான் அது வந்தது. எத்தனையோ பேர் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே பலகையில் என் கேட் எண் இருந்தது. படித்தேன், மண்டைக்குள் ஏறவில்லை. காது அடைத்தது. உள்ளங்கை ஜில்லிட்டது. கால் எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியாமல் திருவிழாவில் அம்மா கையை விட்டுவிட்ட குழந்தை மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன். ஓ, இதைத்தான் அந்தம்மா எழுதச் சொன்னார் என்று மட்டும் தோன்றியது. தேட ஆள் இல்லை என்றால் இப்படித்தான் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவே இல்லை.

தோளில் யாரோ தட்டினார்கள்.

"கேட் அங்கால பிள்ளை. வாங்கோ" என்றார் ஹவுன்ஸ்லோ அக்கா, சீருடையோடு. "உங்கட ஆன்ட்டி குரூப்பில அப்பிடித்தான் போடுவா. எனக்குத் தனியா போன் எடுத்தவ, நீங்கள் பிளேன் ஏறுமட்டும் நிண்டு பாக்கட்டாம். சாப்பிட்டனீங்களோ?"

ஆமா என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.